தொடக்கக் கோரிக்கையா, முதற்கேட்பா? வியாழன் மாலைக்குள் சொல் வேண்டும்

சென்னையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கத் தொழிலாளர் துறை வியாழன்தோறும் அங்கத்திய கிழக்கு நேரம் காலை 8.30க்கு வேலையின்மைக் காப்பீட்டு எண்களை வெளியிடுகிறது. நமக்கு அது மாலை 6 மணி, அங்கே குளிர்கால நேரத்துக்கு மாறினால் 7 மணி. வணிகச் செய்திக்கு அரை மணி நேரத்தில் தமிழாக்கித் தர வேண்டும். இப்போது 'இனிஷியல் கிளெய்ம்' (வேலையில்லாக் காலத் தொகைக்குத் தொடக்கத்தில் போடும் மனு) ஒரு வாரம் 'வேலையிழந்தோர்' என்று போகிறது, அடுத்த வாரம் 'புதிய விண்ணப்பம்' ஆகிறது. 'கன்டினியூட் கிளெய்ம்' (அதன் பிறகு வாரந்தோறும் தொடர்ந்து கேட்பது) 'நிலுவை விண்ணப்பம்' என்றுகூட வந்துவிட்டது. இந்த இரண்டோடு 'சீசனலி அட்ஜஸ்டட்' (ஆண்டுதோறும் பருவத்துக்கேற்ப வரும் ஏற்ற இறக்கத்துக்கு ஈடுசெய்து கணித்த எண்), நான்கு வார 'மூவிங் ஆவரேஜ்' (கடைசி நான்கு வார எண்களின் சராசரி) இரண்டுக்கும் நிலையான சொல் வேண்டும். வரும் வியாழன் மாலைக்குள் கிடைத்தால் பெரிய உதவி.

டெட்ராயிட்டிலிருந்து:

சொல்லுக்குப் போவதற்கு முன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம், இல்லாவிட்டால் தவறான சொல்லுக்குத்தான் முத்திரை குத்துவோம்.

'வேலையிழந்தோர்' அடியோடு பிழை. எண்ணப்படுவது ஆள் அல்ல, மனு. தானாக வேலையை விட்டவர் மனுப் போட்டாலும் அது அந்த வார எண்ணிக்கையில் சேரும், பிறகு தள்ளுபடி ஆனாலும் சேர்ந்தது சேர்ந்ததுதான். மறுபக்கம், வேலை போயும் மனுப் போடாதவர் இதில் வரவே மாட்டார். வேலைநேரம் குறைக்கப்பட்டவர்கூடப் பகுதித் தொகைக்கு மனுப் போடலாம்.

'புதிய விண்ணப்பம்' என்பதும் சரியில்லை. இனிஷியல் என்ற தலைப்புக்குள் இரண்டு வகை உண்டு. ஒன்று, பயனாண்டு (தொகை பெறத் தகுதி ஓடும் ஓராண்டு) ஒன்றைப் புதிதாகத் தொடங்கும் மனு. மற்றது, பயனாண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் வேலை கிடைத்து, அதுவும் போய், மறுபடி போடும் மனு. இரண்டாவதைப் 'புதிய' என்றால் படிப்பவர் தடுமாறுவார்.

கன்டினியூட் என்பது, 'போன வாரமும் எனக்கு வேலையில்லை, வேலைக்குத் தயாராக இருந்தேன்' என்று ஒவ்வொரு வாரத்துக்கும் உறுதி சொல்லித் தொகை கேட்பது. மிச்சிகனில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சேர்த்துச் சொல்வார்கள். இது 'நிலுவை' அல்ல. 'நீட்டிப்பு' என்றும் எழுதிவிடாதீர்கள். வேலையின்மை கடுமையாகும்போது வழக்கமான வாரங்களுக்கு மேல் கூடுதல் வாரம் தரும் தனித்திட்டம் இருக்கிறது, அந்தச் சொல் அதற்கு வேண்டும்.

இன்னொன்று: இந்தக் கன்டினியூட் எண் குறைந்தால் 'பலருக்கு வேலை கிடைத்தது' என்று எழுதுகிறார்கள். பல மாநிலங்களில் தொகை பெறும் உச்சவரம்பு 26 வாரம், புளோரிடாவில் அது 12 வாரம் வரை இறங்கும். வாரங்கள் தீர்ந்துபோய்ப் பட்டியலிலிருந்து விழுந்தவர்களாலும் எண் குறையும்.

மதுரையிலிருந்து:

ஐயா விளக்கியதற்கு நன்றி. என் பரிந்துரை 'கேட்பு'. முதற்கேட்பு, தொடர்கேட்பு. இரண்டும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவை, தலைப்பில் இடம் பிடிக்காதவை. 'கோரு' தெலுங்கில் விரும்புதல் என்ற பொருளில் அன்றாடம் புழங்குகிறது, 'கோரிக' என்றால் அங்கே விருப்பம். காப்பீட்டுத் தொகை விருப்பம் அல்ல, உரிமை. 'மனு', 'விண்ணப்பம்' இரண்டிலும் கீழே நின்று கேட்கும் குரல் இருக்கிறது. தொல்காப்பியர் ஈ, தா, கொடு மூன்றையும் பிரித்தாரே: ஈ இழிந்தோன் கூற்று, தா ஒப்போன் கூற்று, கொடு உயர்ந்தோன் கூற்று. தன் உழைப்பின் பேரில் முதலாளி கட்டிய வரியிலிருந்து தொழிலாளி பெறுவது இது. அவன் 'ஈ' என்று நிற்க வேண்டியதில்லை.

தஞ்சாவூரிலிருந்து:

'கேட்பு' நல்ல சொல். ஆனால் வருவாய்த்துறைக் கணக்கில் அது ஏற்கெனவே குடியேறிவிட்டது. 'கேட்பு, வசூல், நிலுவை' என்று மூன்று கலம் போட்டு எழுதுவதைக் கிராமக் கணக்கு பார்த்தவர் அறிவார். அங்கே கேட்பது அரசு, கொடுப்பது குடி. இங்கே திசை நேர் எதிர். அதோடு 'வாராந்திரக் கேட்பு' என்பதைச் சுருக்கி 'வாரக்கேட்பு' என்று யாராவது எழுதினால், மேல்வாரம் குடிவாரம் தெரிந்த ஊரில் அது நிலக்கிழார் விளைச்சலில் பங்கு கேட்பதாகத்தான் காதில் விழும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். எங்கட பக்கத்தில இன்சூரன்ஸ் 'காப்புறுதி', அலவன்ஸ் 'கொடுப்பனவு'. கிளெய்முக்கு 'உரிமைக்கோரல்' என்று எழுதுவம். 'ஆரம்ப உரிமைக்கோரல்', 'தொடர் உரிமைக்கோரல்' என்றால் விளங்காத ஆள் இல்லை. வாரம் என்பதிலும் சிக்கல் என்றால் நாங்கள் பேச்சில சொல்லுற 'கிழமை' இருக்குத்தானே. 'ஒரு கிழமை' என்றால் ஏழு நாள்.

மதுரையிலிருந்து:

அம்மா, நீங்கள் தொட்ட இடம் பொன். கிழமை என்றால் உரிமை. ஆறாம் வேற்றுமையின் பொருளே கிழமைதான், தற்கிழமை, பிறிதின்கிழமை என்று பிரித்துப் படிக்கிறோம். கிழவன், கிழத்தி என்பவை உரிமை உடையவன், உடையவள். ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை, அப்படித்தான் நாளைக் குறிக்க வந்தது. ஆகவே 'கிழமைக்கேட்பு' என்று ஒரு சொல் செய்தால் வாரந்தோறும் கேட்பது, உரிமையாகக் கேட்பது இரண்டும் ஒன்றாக அடங்கும். இவ்வளவு பொருந்தும் சொல் தேடினாலும் கிடைக்காது.

சென்னையிலிருந்து:

ஐயா, அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இங்கே கிழமை என்றால் நாள். 'கிழமைக்கேட்பு 2.3 லட்சம்' என்று போட்டால் எந்தக் கிழமை என்று கேட்பார்கள். அதுவும் எண் வருவது வியாழக்கிழமை, கணக்கு முடிவது சனிக்கிழமை. முன்னே சொல்லாத சிக்கல் ஒன்றும் உண்டு: வியாழன் அறிக்கையில் தொடக்க எண் முந்தைய சனியோடு முடிந்த வாரத்துக்கு, தொடர் எண் அதற்கும் ஒரு வாரம் முந்தியது. 2020 மார்ச் 26 அறிக்கையில் மார்ச் 21 வாரத்தின் தொடக்க எண் 32,83,000. அதற்கு முன் இருந்த உச்சம் 1982 அக்டோபரின் 6,95,000. அதே அறிக்கையில் தொடர் எண் 18,03,000 மட்டுமே, காரணம் அது மார்ச் 14 வாரத்துடையது. இரண்டையும் ஒரே வாரம் என்று எண்ணி 'புதிதாக வந்தவர் மொத்தத்தைவிட அதிகமா?' என்று வாசகர்கள் குழம்பினார்கள். சொல் எதுவானாலும் வாரத் தேதியை ஒட்டியே எழுத வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து:

புள்ளியியல் வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் மூன்றாவது சொல்லைப் பற்றி. 'பருவச் சரிக்கட்டல்' என்று பலர் எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 'ஆளைச் சரிக்கட்டிட்டான்' என்றால் நம் ஊரில் என்ன பொருள்? 'சரிக்கட்டப்பட்ட எண்' என்று படிப்பவர் அரசு எண்ணைத் திரித்துவிட்டது என்றே நினைப்பார்.

'பருவநீக்கம்' என்றொரு சொல்லும் உலவுகிறது. நீக்கம் என்றால் ஏதோ கழிக்கப்பட்டது போல் தொனிக்கும். மார்ச் 21 வாரத்தையே எடுங்கள். உள்ளபடி வந்த மனுக்கள் 28,98,450. மார்ச்சில் வழக்கமாக மனு குறைவு, அதனால் பருவக்காரணி (சராசரி வாரம் 100 என்றால் இந்த வாரம் வழக்கமாக எவ்வளவு என்பது) 100க்குச் சுமார் 88.3. அதால் வகுத்ததும் 32,83,000 ஆனது. நீக்கவில்லை, ஏறத்தாழ 3.85 லட்சம் கூடியது! கொரோனாவால் வந்த வெள்ளத்துக்கும் சாதாரண மார்ச்சின் விகிதத்தையே போட்டதால் வந்த மிகை இது. அதனால்தான் 2020 செப்டம்பர் 3 அறிக்கையிலிருந்து வகுக்கும் முறையை விட்டுக் கூட்டிக்கழிக்கும் முறைக்கு மாறினார்கள். இரண்டு முறைக்கும் பொருந்துவது 'பருவச் சீராக்கம்'. சீராக்காததை 'உள்ளபடி எண்' என்று சொல்லிவிடலாம்.

நான்காவதற்கு 'நகரும் சராசரி' பாடநூலிலேயே இருக்கிறது.

மதுரையிலிருந்து:

சராசரி உருது வழி வந்தது. ஈழத்துக் கணிதத்தில் 'இடை' என்று தூய தமிழில் எழுதுகிறார்கள். 'நகரிடை' எனலாம்.

டெட்ராயிட்டிலிருந்து:

ஐயா, நகரிடை என்றால் நகரங்களுக்கு இடையே என்று பேருந்துப் பலகை போல இருக்கிறது. சராசரி தமிழ்ப் பள்ளியில் படித்த எல்லாருக்கும் தெரிந்த சொல், அதைத் தொடவேண்டாம். இந்தச் சராசரி எதற்கு என்பதையும் ஒரு வரி சேர்த்தால் நல்லது. இங்கே கார் ஆலைகள் ஜூலையில் புது மாடலுக்குக் கருவி மாற்றுவதற்காக மூடுவது வழக்கம். மூடும் வாரம் முன்பின் தள்ளிப்போனால் பருவக்காரணி ஏமாந்துவிடும், சீராக்கிய எண்ணே ஒரு வாரம் குதித்து மறுவாரம் விழும். நான்கு வாரத்தைச் சேர்த்துப் பார்த்தால் அந்தக் குதிப்பு பெரும்பாலும் அடங்கும்.

முதல் சொல்லுக்கு என் வாக்கு 'தொடக்கக் கோரிக்கை'. 'முதல்' வேண்டாம். வணிகப் பக்கத்தில் முதல் என்றால் மூலதனம், அதோடு வாழ்க்கையில் முதன்முறை என்ற பொருளும் ஒட்டிக்கொள்ளும். வேலையில்லாத காலம் ஒன்று தொடங்குவதைத் 'தொடக்கம்' குறிக்கிறது. இரண்டாம் தடவை வேலை போனாலும் அது ஒரு தொடக்கம்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

தொடக்கம் சரி. 'உரிமைக்' என்ற முன்னொட்டை முதல் வரியில ஒருக்கால் மட்டும் வைத்தால் எனக்கும் சம்மதம்.

சென்னையிலிருந்து:

நாளை வியாழன். இப்போதைக்கு: தொடக்கக் கோரிக்கை, தொடர் கோரிக்கை, பருவச் சீராக்கம், நான்கு வார நகரும் சராசரி. செய்தியின் முதல் வரியில் 'வேலையின்மைக் காப்பீட்டு உரிமைக் கோரிக்கை' என்று முழுதாக வரும். மற்ற ஐந்து பேரில் நால்வர் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

மதுரையிலிருந்து:

என் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்யுங்கள். வேர்ச்சொல் எல்லாம் போகட்டும். 'தொழிலாளர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'கோரிக்கை' வந்தால் தமிழன் படிப்பது ஊதிய உயர்வு, போனஸ், வேலைநிறுத்தம். நாளை மாலை ஒரு கைபேசியில் 'அமெரிக்கத் தொழிலாளர் துறை: தொடக்கக் கோரிக்கைகள் அதிகரிப்பு' என்ற ஒற்றை வரி மட்டும் வந்து விழும். முழுச் சொல் இருக்கும் முதல் வரியை அவர் திறந்து பார்க்கமாட்டார். அந்த ஒற்றை வரியில் 'கேட்பு' இருந்தால் இது என்ன புதுச்சொல் என்று ஒரு நொடி நின்றாவது கேட்பார்.

சென்னையிலிருந்து:

அறிவிப்பு வரிக்கு மட்டும் 'காப்பீட்டுக் கோரிக்கைகள்' என்று வைக்கிறேன் ஐயா. 'தொடக்க' அதற்குள் அடங்கவில்லை, எழுத்தெண்ணிக்கை தாண்டுகிறது. 'முதற்கேட்பு' அடங்குகிறது என்பதும் உண்மைதான்.