இடத்தை மாற்றினால் நிற்காத துப்பறியும் கதைகள்: உங்களுக்குத் தெரிந்தவை?

குருமண்வெளி வாசகி:
எல்லோருக்கும் வணக்கம். இந்த மாரி முழுக்கத் துப்பறியும் நாவலும் சாகச நாவலுமாகவே வாசித்தேன். மூடி வைத்த பிறகும் மனதை விட்டுப் போகாதவை எல்லாம் ஒரே சாதி. நடக்கும் இடத்தை மாற்றினால் கதையே இல்லை என்றாகிவிடும்.

கொனன் டொயிலின் 'பாஸ்கர்வில் வேட்டை நாய்' (1902) அப்படி ஒன்று. பாதிக் கதையில் ஹோம்ஸைக் காணவே முடியாது. வாட்சன்தான் இங்கிலாந்தின் டார்ட்மூர் வெளியில் தனியாக இருந்து அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். அங்கே குடியிருக்கும் ஸ்டேப்பிள்டன் வாட்சனுக்குத் தூரத்துச் சதுப்பைக் காட்டிப் பேசிக்கொண்டு நிற்கும்போதே ஒரு மட்டக்குதிரை அதற்குள் புதைகிறது. பச்சைக் கோரைக்கு நடுவில் பழுப்பாக ஏதோ புரள்கிறது, கழுத்து மட்டும் மேலே நீண்டு நெளிகிறது, ஒரு கதறல், அதோடு சரி. ஸ்டேப்பிள்டனோ நிதானமாகப் பேச்சைத் தொடர்கிறார். அந்த நிலம் உயிரை விழுங்கும் என்பது அப்போதே நமக்குள் இறங்கிவிடுகிறது. கடைசி அத்தியாயங்களில் இருட்டும் பனிமூட்டமும் வரும்போது ஆசிரியர் நம்மைப் பயமுறுத்த ஒரு சொல்கூடக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

அப்புறம் அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய தீவுக் கதை. பத்துப் பேர், மேசையில் பத்துப் பொம்மைகள், ஆள் சாகச் சாகப் பொம்மையும் குறைகிறது. கரையிலிருந்து படகு வரவில்லை. இவ்வளவுதான், ஆனால் விளக்கை அணைக்க மனம் வரவில்லை.

இவற்றோடு வாசித்த சில மாத நாவல்களில் ஊட்டியில் நடக்கும் கொலையைச் சென்னைக்குக் கொண்டு போனாலும் ஒரு வரி மாறாது. விறுவிறுப்பு இருந்தது. மறுநாளே மறந்தும் போனது.

என் கேள்வி இதுதான். நம் பக்கத்தில் இப்படி இடங்கள் இல்லையா? மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையை நினைத்துப் பாருங்கள். மாரி வெள்ளத்தில் வெல்லாவெளி றோட்டு மூடி, துறையில் ஆள் ஏற்றும் பாதைப் படகும் நின்றுவிட்டால் மண்டூர்ப் பக்கம் நிற்பவர் எங்கே போவார்? அந்தக் கிறிஸ்டி தீவுக்கு இது எதில் குறைச்சல்? ஈழத்து எழுத்தில் இந்த வகை இருந்தால் சொல்லுங்கள்.

கல்முனை நானா:
தங்கச்சி, சாகசம் நம் நாட்டுத் தமிழில் முதல் நாவலிலேயே தொடங்கிவிட்டது. 'முஸ்லிம் நேசன்' நடத்திய கண்டி சித்திலெவ்வை 1885இல் எழுதிய 'அசன்பேயுடைய கதை'. எகிப்தில் பிறந்த பிள்ளையைக் களவாகத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பம்பாயில் வளர்கிறான், கல்கத்தா போகிறான், தன் பிறப்பு என்ன என்ற மர்மம் கூடவே வருகிறது. ஊர்கள் கடகடவென்று மாறும், அதனால் நீங்கள் கேட்கும் இடச்சுவை அதில் குறைவுதான். ஆனாலும் வாசிக்காமல் விடாதீர்கள். அந்தக் காலத்தில் இப்படி ஒரு கதைக்குத் துணிந்தது பெரிய காரியம்.

ஆரையம்பதி சேர்:
பிள்ளை, எல்லாவற்றையும் இடத்தின் மேல் போட முடியாது. 1926இல் வந்த கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்ட் கொலை' வாசித்தீர்களா? சாதாரண ஆங்கிலக் கிராமம், ஊர் டாக்டர் கதை சொல்கிறார். மலை, தீவு, சதுப்பு ஒன்றுமில்லை. ஆனால் துப்பு எல்லாம் நம் கண் முன்னாலேயே கிடக்கிறது, ஒன்றையும் கிறிஸ்டி ஒளிக்கவில்லை. முடிவு தெரிந்த பிறகு மறுபடி முதல் பக்கத்திலிருந்து வாசித்துப் பாருங்கள், ஒவ்வொரு வசனமும் வேறு ஆளாக நிற்கும். என்னைக் கேட்டால் துப்பறியும் கதைக்கு உயிர் இந்த நேர்மைதான்.

குருமண்வெளி வாசகி:
வாசித்தேன் சேர். நேர்மை பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் அந்த டாக்டரின் அக்கா கரோலைனை யோசியுங்கள். வீட்டை விட்டு நகராமலே ஊர்ச் செய்தி எல்லாம் அவர் கைக்கு வந்து சேர்கிறது. மாஜொங் விளையாடிக்கொண்டே நாலு பேர் வதந்தி பரிமாறும் அத்தியாயம் எங்கள் ஊர்ச் செத்தவீட்டுப் பந்தல் மாதிரியே இருக்கிறது. ஒருவரையொருவர் அவ்வளவு நோட்டம் விடும் ஊரில் ஒன்றை மறைப்பதுதான் அங்கே பதற்றம். நகரத்துக்குக் கொண்டு போனால் அது நிற்காது.

அக்கரைப்பற்று தம்பி:
அக்கா, சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' கட்டாயம் எடுங்கள். பழைய பண்ணை வீடு, இரவில் தெரியும் உருவம். துப்புத் துலக்கும் வக்கீல்கள் இருவரில் வசந்த் பேய் என்கிறான், கணேஷ் விஞ்ஞானத்தில் காரணம் தேடுகிறான். வாசிக்கிற நாமும் பக்கத்துக்குப் பக்கம் கட்சி மாறுகிறோம். ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' (1883) வாசித்திருந்தால் அந்த ஆப்பிள் பீப்பாய் அத்தியாயத்தை மட்டும் திரும்ப வாசியுங்கள். பையன் பீப்பாய்க்குள், சதி பேசுகிறவர்கள் வெளியே, சுற்றிலும் கடல். இறங்கி ஓட வழியில்லை. உங்கள் கட்சிக்கு அது நல்ல சாட்சி.

குருமண்வெளி வாசகி:
தம்பி, இரண்டையும் குறித்துக்கொண்டேன். நானா, 'அசன்பே' எங்கே கிடைக்கும்?

கல்முனை நானா:
நூலகம் இணையத்தளத்தில் முதலில் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் சொல்லுங்கள், எங்களிடம் ஒரு பழைய பிரதி இருக்கிறது. பாண்டிருப்பில் பஸ் ஏறும் ஆள் யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன்.