செனட் ஹவுஸ் படம் போட்ட கான்வாஸ் பை, நம்ம ஊர் உப்புக்காத்துக்குத் தாங்குமா?

கீழக்கரை_தங்கச்சி:
எங்க லாத்தா (அக்கா) மெட்ராஸ் யுனிவர்சிட்டில எம்.ஏ. படிச்சவங்க, அவங்க செட்டு ஆளுங்கல்லாம் வர்ற மாசம் எங்க ஊருக்கு வர்றாங்க, எல்லாருக்கும் அந்த யுனிவர்சிட்டியோட பழைய கட்டடம் சேப்பாக்கம் செனட் ஹவுஸ் படம் போட்டு டோட் பேக் குடுக்கலாம்னு ஒரு ஆசை, மொத்தம் 30 பை. முன்னாடி ஒரு கடைல வாங்குன பைல படம் மீன் செதில் மாதிரி உரிஞ்சு வந்துருச்சு, கொக்கி வேற துரு. அதான் பயமா இருக்கு. இப்ப கேட்ட கடைல அனுப்புன டிசைன்ல டோம் மேல கடிகாரம் இருக்கு, அது சரிதானா? ஸ்கிரீன் பிரிண்ட்டா, டிடிஎஃப்பா, எது போடச் சொல்ல?

பரமக்குடி_மை:
ஸ்கிரீன் பிரிண்ட்டே போடுங்க. டிடிஎஃப்ங்கிறது துணி மேல ஒட்டுற ஃபிலிம், பையை மடக்கி மடக்கி வைக்கிறப்ப அந்த மடிப்புலதான் முதல்ல விரிசல் விடும். ஸ்கிரீன்ல ஒவ்வொரு கலருக்கும் தனி ஃப்ரேம் செய்யணும், அதனால ஒரே கலர்னா 30 பைக்குக் கட்டுப்படியாகும். ஆனா கான்வாஸ் நெசவு சொரசொரப்பு, மயிர் மாதிரி மெல்லிசு கோடு போட்டா ஒண்ணு விட்டுப் போகும் இல்ல மை நிரம்பி அப்பிக்கும், அந்தக் கட்டடத்துல இருக்கிற பூ வேலைய எல்லாம் வரையப் பார்க்காம கோபுரம், வளைவு மட்டும் தடிமனா வரையச் சொல்லுங்க. துணிய முதல்ல நனைச்சுக் காயவெச்சு அப்புறம் அடிக்கணும், இல்லேன்னா முதல் சலவைல துணி சுருங்கி படமும் சேர்ந்து சுருக்கம் விழுந்துரும். மை காஞ்ச பிறகு ஹீட் குடுத்தாங்களான்னு கட்டாயம் கேளுங்க, நிறைய பேரு அதைத்தான் விட்டுடுறாங்க.

சேப்பாக்கம்_பழசு:
கடிகாரம் வெச்ச டோம் பிரசிடென்சி காலேஜ்மா, செனட் ஹவுஸ் இல்ல. ரெண்டுமே மெரினா பக்கம், ரெண்டையும் கட்டுனது ராபர்ட் சிஷோம்ங்கிற வெள்ளைக்கார ஆர்க்கிடெக்ட்தான், அதான் கடைக்காரங்க குழப்பிக்கிறாங்க. செனட் ஹவுஸ்னா மூலைக்கு ஒண்ணா நாலு கோபுரம், மேல குமிழ் மாதிரி டோம், அதுதான் அடையாளம். இன்னொண்ணு, படத்துக்குக் கீழ 1857னு போடாதீங்க. அது யுனிவர்சிட்டி ஆரம்பிச்ச வருஷம். கட்டட வேலை 1874ல தொடங்கி 1879லதான் முடிஞ்சுது.

மண்டபம்_மாமா:
ஜிப்பு, காந்த பட்டன், வளையம் எதுவுமே வேணாம்மா. இங்க வீட்டு ஜன்னல் கம்பியே நிக்க மாட்டேங்குது, பை கொக்கியா நிக்கப் போவுது? கைப்பிடி அதே துணில இருக்கட்டும், தைக்கிற இடத்துல பெருக்கல் குறி போட்டு ரெட்டைத் தையல். போர் தண்ணில துவைச்சா கடைசியா ஒரு குடம் காவிரித் தண்ணில அலசிக்கச் சொல்லுங்க, உப்பு தங்குனா துணி விறைச்சுக்கும், மழைக்காலத்துல ஈரமும் இழுக்கும். அப்புறம் அந்தப் பையத் தூக்கிட்டு மீன் வாங்கப் போயிடாதீங்க, வாடை போகவே போகாது 😄

கீழக்கரை_தங்கச்சி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். கடைல பேசுனேன், கடிகாரத்த மட்டும் அழிச்சுத் தர்றேன், மத்ததெல்லாம் ஒண்ணுதானங்கிறாரு!

சேப்பாக்கம்_பழசு:
ஒண்ணு இல்லவே இல்ல. அங்க படிச்சவங்க பார்த்த உடனே சிரிச்சுருவாங்க. வேற படம் வரையச் சொல்லுங்க.

பரமக்குடி_மை:
ஆமா. ஒரே ஒரு பை சாம்பிள் அடிச்சு வாங்கி ரெண்டு தடவை நல்லா துவைச்சுப் பாருங்க, அது வரைக்கும் பாதிக்கு மேல அட்வான்ஸ் குடுக்காதீங்க.