கலன்மாற்றம், குறிமாற்றம்: "வடிவம்" என்ற சொல்லுக்கு மாற்று வேண்டி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

காணொளி மாற்றிகளின் பிழைச் செய்திகளைத் தமிழாக்கும்போது "வடிவம்" என்ற ஒரே சொல்லை வெவ்வேறு பொருள்களில் எழுதி வந்திருக்கிறோம் என்பது அண்மையில்தான் எனக்கு உறைத்தது. பென்னாகரம் பக்கத்தில் விடிய விடிய நடந்த பாரதக் கூத்தைப் பதிவு செய்த இளைஞர் ஒருவர், கேமராவின் எம்டிஎஸ் கோப்புகளுடன் தருமபுரியில் என் வீட்டுக்கு வந்தார். கைப்பேசிச் செயலி "இவ்வடிவம் ஆதரிக்கப்படவில்லை" என்றதும், கோப்புப் பெயரின் கடைசியில் எம்பி4 என்று திருத்திப் பார்த்திருக்கிறார். மீண்டும் அதே செய்திதான் வந்தது. பிறகு ஏதோ ஒரு மாற்றியை இரவெல்லாம் ஓடவிட்டதில், வேடத்தின் அரிதாரம் கூடத் தெளிவாகத் தெரியாத மங்கலான படம் கிடைத்திருக்கிறது. அவர்மீது குற்றமில்லை. எந்த வடிவம் என்பதை நம் சொல் அவருக்குச் சொல்லவே இல்லை.

அந்தக் கோப்புக்குள் காட்சி எச்.264 முறையிலும் ஒலி ஏசி-3 முறையிலும் இருந்தன. காட்சியைத் தொடாமல் எம்பி4-க்குள் அப்படியே எடுத்து வைத்து, ஒலியை மட்டும் ஏஏசி முறைக்கு மாற்றியதும் கைப்பேசியில் ஓடியது. சில நிமிடங்கள்தான் ஆயின.

கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. பெங்களூரா மாம்பழக் கூழை டின்னிலிருந்து பீப்பாய்க்கு மாற்றினாலும் அது அதே கூழ்தான். கூழையே மறுபடியும் காய்ச்சினால் முதலில் இருந்த மணம் திரும்பாது. ஆகவே எம்டிஎஸ், எம்பி4 போன்று கூழ் இருக்கும் பாத்திரத்தைக் "கலன்" என்றும், எச்.264, ஏஏசி போன்று கூழாக்கிய முறையைக் "குறிமுறை" என்றும் பிரிக்கலாம் என்பது என் கருத்து. தரவைத் தொடாமல் கலனை மட்டும் மாற்றுவது கலன்மாற்றம்; தரவையே விரித்து வேறு முறையில் மீண்டும் சுருக்குவது குறிமாற்றம்.

கலனுக்குப் "பெட்டி" போதுமே என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அஞ்சல்பெட்டி, உரையாடல்பெட்டி, தேடுபெட்டி என்று திரையெங்கும் ஏற்கெனவே பெட்டிகளாக இருப்பதால் நான் தயங்குகிறேன். "கலம்" என்றே வைக்கலாம் என்ற யோசனையில், புணர்ந்து "கலமாற்றம்" ஆகும்போது பேச்சில் களமாற்றம் என்று காதில் விழும் சிக்கல் உண்டு. கலன் என்றால் அணிகலன் நினைவுக்கு வரும் என்ற மறுப்பு எனக்கு வலுவாகத் தோன்றவில்லை. கொள்கலன் என்பதும் அன்றாட வழக்கில் உள்ள சொல்தானே.

குறிமுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் "கோடெக்" (codec) என்பதையே ஒலிபெயர்த்துவிடலாம் என்போருக்கு ஒன்று. அச்சொல் 2003-இல் வெளியான எச்.264 தரத்தையும் குறிக்கிறது, அத்தரப்படி இயங்கும் எக்ஸ்264 போன்ற மென்பொருளையும் குறிக்கிறது. தரத்தைக் குறிமுறை என்றும், சுருக்கும் மென்பொருளைக் குறியாக்கி என்றும், விரிக்கும் மென்பொருளைக் குறிவிலக்கி என்றும் பிரித்தால், "குறிவிலக்கி இல்லை" என்ற செய்தியைப் படிப்பவர் எதை நிறுவ வேண்டும் என்று உடனே அறிவார். வெப்எம் என்ற கலன் விபி8, விபி9, ஏவி1 ஆகிய குறிமுறைகளையே காட்சிக்கு ஏற்பதால் எழும் பிழையையும், "வெப்எம் கலன் எச்.264 குறிமுறையை ஏற்காது" என்று குழப்பமின்றி எழுதிவிடலாம்.

ஒரு பிழைக்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. எம்பி4 கோப்பில் எந்தச் சட்டகம் (காணொளியின் ஒவ்வொரு தனிப்படம்) எங்கே உள்ளது என்று காட்டும் மூவ் (moov) என்ற பகுதி, பொதுவாகப் பதிவு முடிந்த பிறகே எழுதப்படுகிறது; நடுவில் கேமராவின் மின்கலம் தீர்ந்தால் தரவு இருந்தும் கோப்பு திறக்காது. சொல்லடைவு, பொருளடைவு என்ற வழக்கையொட்டி "அடைவு" என்று வைக்க எண்ணினேன். ஆனால் கோப்புறையை அடைவு என்று மொழிபெயர்த்த மென்பொருள்கள் பல இருப்பதால், "அடைவு காணப்படவில்லை" என்றால் பயனர் கோப்புறையைத் தேடத் தொடங்கிவிடுவார். "சட்டக அடைவு" என்று நீட்டினால் தகுமா, வேறு சொல் உண்டா என்று இலக்கணம் அறிந்தோர் தெரிவிக்க வேண்டுகிறேன்.