போகிப் புகையில் சாத்திய ஜன்னல்: உங்களுக்கும் இப்படி ஒன்று உண்டா?

வியாசர்பாடிவாசி

2018 போகியைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஓடுபாதை தெரியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்களே, அந்தப் போகிதான். காலை நாலரை மணி. கிழிந்த கோரைப்பாய் இரண்டு, உடைந்த வயர் நாற்காலி ஒன்று, தம்பி எங்கிருந்தோ உருட்டி வந்த சைக்கிள் டயர். பற்றவைத்தது நான். பிள்ளைகள் மேளம் தட்டினார்கள். மார்கழிக் கடைசியில் காற்று அசையாது. புகை மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக்கொண்டது.

எதிர்வீட்டு மாடியில் ஒரு பெரியவர், இரைப்புக்காரர். ஜன்னல் திறந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். கழுத்தடிக் குழி ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே போய் வந்தது அறை விளக்கில் தெரிந்தது. என்னைப் பார்த்தார். சத்தமில்லாமல் ஜன்னலைச் சாத்தினார். மதியம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "பொங்கல் நன்றாக இருந்ததா தம்பி?"

திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

எண்ணூர்க்காரன்

போகியைப் பற்றி இதோடு நூறு பேர் எழுதிவிட்டார்கள். வருடத்தில் ஒரு நாள் ஒரு டயர். மீதி 364 நாளும் எங்கள் பக்கம் யார் கொளுத்துகிறார்கள் என்று கேட்க ஆளில்லை. கொடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டு மாலையில் எடுத்து உதறிப் பாருங்கள், அனல்மின் நிலையச் சாம்பல் பறக்கும். நண்பர் ஒரு ஜன்னலுக்கு வருந்துகிறார். எங்கள் தெருவில் ஜன்னலைத் திறந்துவைக்கிற வழக்கமே இல்லை.

என்னை உறுத்துவது வேறு. 2023 டிசம்பர் 26, நள்ளிரவுக்குச் சற்று முன். மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்து, ஆற்றில் மிதந்த எண்ணெய்ப் படலமும் முழுதாகப் போகாத நேரம். கடலுக்கடியில் போகும் அம்மோனியா குழாயில் கசிவு. சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை. மூக்கில் ஊசி குத்தியதுபோல் ஒரு நெடி, அடுத்த நொடி கண் திறக்க முடியவில்லை. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஊரே ஓடியது. என் பாட்டி மட்டும் குடத்தில் முந்தானையை முக்கிப் பிழிந்து குழந்தையின் முகத்தில் போட்டுவிட்டுத்தான் வாசலைத் தாண்டினாள். அம்மோனியா தண்ணீரில் கரையும் என்பது பள்ளிக்கூடம் போன எனக்குத் தெரியும். எனக்கு அது தோன்றவில்லை. நான் தேடிக்கொண்டிருந்தது பைக் சாவியை.

ஜூரோங் பழையவன்

எண்ணூர்த் தம்பி சொல்வதும் சரி, வியாசர்பாடி சொல்வதும் சரி. எனக்குச் சிங்கப்பூர். 2013 ஜூன். இந்தோனேசியாவின் சுமத்ராவில் கரிநிலக் காடுகள், மக்கிய தழை அடுக்கடுக்காய்ப் படிந்த நிலம், எரிந்த புகை கடல் தாண்டி வந்தது. 21ஆம் தேதி நண்பகல் மாசுக் குறியீடு 401. முந்நூறைத் தாண்டினாலே ஆபத்து வரம்பு, அதுவரை அந்த ஊர் காணாத எண். விறகு அடுப்பை ஈரச் சுள்ளியால் பற்றவைத்த வாசனை. முதல் நாள் ஊர் ஞாபகம்கூட வந்தது. மூன்றாம் நாள் எச்சில் துப்பினால் சாம்பல் நிறம்.

கட்டுமானத் தளத்தில் நின்று அண்ணாந்தால் கிரேனின் பாதிக்கு மேல் காணோம். கொக்கி மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து இறங்கி வருகிறது. மேற்பார்வையாளர் முகத்தில் என்95. எங்கள் கழுத்தில் துண்டு. கடைகளில் முகமூடி தீர்ந்துவிட்டதாம். அன்று இரவு வீட்டுக்குப் பேசும்போது மனைவி கேட்டாள், "தொலைக்காட்சியில் காட்டுகிறார்களே, உங்கள் பக்கம் எப்படி?" இங்கே ஒன்றும் இல்லை என்றேன். சொல்லும்போதே இருமல் வந்தது. போனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தேன்.

வேதாரண்யம் செவிலி

எல்லோரும் புகையையே பேசுகிறீர்கள். வெயிலும் உடம்புக்குள் போகிறது, இருமல் வராததால் தெரிவதில்லை.

உப்பளத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர், நாற்பது வயதிருக்கும். நீர்க்கடுப்பு என்று நாலாவது முறையாக வந்தார். மாதிரிக் குப்பியில் இருந்தது கடுந்தேநீர் நிறம். ரவிக்கை முதுகில் வரிவரியாக உப்புக் கோடு, பாத்தி உப்பா உடம்பு உப்பா என்று பிரிக்க முடியாது. "தண்ணீர் குடிக்கச் சொன்னேனே அக்கா?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் சொன்னார்: "விடியுமுன் ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போவேன். குடித்தால் ஒதுங்க வேண்டும். அங்கே ஒரு புதர் இருந்தால் சொல்லுங்கள், குடிக்கிறேன்."

மறுநாள் போய்ப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைத் தரை, ஆள் உயரத்துக்கு எதுவும் இல்லை. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காய்வதில்லை. அது காய்ந்தால்தானே உடம்பு குளிரும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். நல்லதுதான். ஆனால் இந்த அக்கா வெயிலில் விழுந்து சாகமாட்டார். பத்து வருடம் கழித்துச் சிறுநீரகம் போகும், அதற்கு வெயில் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். நானும் என் பதிவேட்டில் 'சிறுநீர்த் தொற்று' என்றுதான் எழுதினேன்.

மாத்திரைப்பெட்டி

என் மகனுக்கும் ஐந்து வயதில் இப்படித்தான் கழுத்துக்குழி உள்ளே போனது. பயந்துவிட்டோம், சரியாகிவிட்டது. அது போகட்டும், முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முதல் பதிவில் பெரியவர் இன்ஹேலரை ஒழுங்காக இழுத்தாரா என்று யாருமே கேட்கவில்லை. பாதிப் பேர் தொண்டையில் அடித்துக்கொள்கிறார்கள். நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை முழுதாக வெளியே விட்டுவிட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். இரண்டாவது அடிக்கு அரை நிமிடமாவது இடைவெளி. ஸ்பேசர் என்ற குழாயைப் பொருத்திக்கொண்டால் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் எளிது. ஸ்டீராய்டு வகை என்றால் வாய் கொப்பளிக்காவிட்டால் வாயில் பூஞ்சைப் புண் வரலாம். பழகிவிடும், அடிமையாக்கிவிடும் என்பதெல்லாம் கட்டுக்கதை. மூச்சு நன்றாக இருக்கிறது என்று தினசரி மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து.

அடுத்து முகமூடி. ஈரத்துண்டு, கைக்குட்டை, அறுவை சிகிச்சை முகமூடி எதுவும் பிஎம்2.5 நுண்துகளைச் சரியாகத் தடுக்காது. என்95 வேண்டும், தாடி இருந்தால் அதுவும் ஓரத்தில் ஒழுகும். இன்னொன்று: ஊர்ப் புகையைத் திட்டுகிறவர்கள் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்தி ஏற்றுகிறார்கள். ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு வந்தது. இந்த நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த ஒரு நாள் வரம்பு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம், நம் நாட்டு வரம்பு 60. இதிலிருந்தே

எண்ணூர்க்காரன்

ஐயா, கேட்டோமா? என் பாட்டியின் ஈரமுந்தானையைத் தடுக்காது என்கிறீர்கள். அது துகள் இல்லை, வாயு. இரண்டு வரி மேலே படித்துவிட்டு எழுதுங்கள்.

மாத்திரைப்பெட்டி

அம்மோனியாவுக்கு ஈரத்துணி சரிதான். நான் சிங்கப்பூர் துண்டைச் சொன்னேன். முந்தைய பதிவு பாதியில் போய்விட்டது, மீதியை இரவு போடுகிறேன்.

ஜூரோங் பழையவன்

என் துண்டு காய்ந்த துண்டு.

வியாசர்பாடிவாசி

எண்ணூர் நண்பருக்கு: 364 நாள் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று அந்த ஜன்னலுக்குள் போனது நான் கொளுத்திய நாற்காலி. இன்ஹேலர் கேட்டவருக்கு: அவர் எப்படி இழுத்தார் என்று எனக்குத் தெரியாது, எட்டு வருடம் எதிர்வீட்டில் இருந்தும் மாடி ஏறியதில்லை. மறுவருடப் போகிக்கு முன்பே மகள் வீட்டோடு போய்விட்டார். இப்போது குடியிருப்பவர்கள் அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து ஏசி மாட்டியிருக்கிறார்கள். அதன் தண்ணீர் எங்கள் வாசலில்தான் சொட்டுகிறது, நான் பாய் கொளுத்திய இடத்தில்.