ஈயக்குட்டை ஓரத்து அழுகண்ணியைப் பள்ளியில் வளர்ப்பது எப்படி?

அறிவியல் மூலை (சுங்கை சிப்புட்)

வணக்கம். மலேசியாவின் பேராக்கில், எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு பழைய ஈயக்குட்டை இருக்கிறது, அதாவது வெள்ளீயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்ற குளம். அதன் கரையில் மணல் எப்போதும் ஊறிக் கிடக்கும் ஒரு துண்டு நிலம். அங்கே ஐம்பது காசு அகலத்தில், தரையோடு படிந்த சிவப்புச் செடிகள் நிறைய. இலை ஓரமெல்லாம் மயிர். மயிர் நுனியில் பிசின் துளி. நடுவிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவான மெல்லிய தண்டு, அதில் வெள்ளைப் பூ. பக்கத்திலேயே ஊசித் தண்டில் மஞ்சள் பூவும் இருக்கிறது, அதற்கு இலையே காணோம்.

செம்பனை மறுநடவு வருகிறது, பள்ளத்தை மண் கொட்டி நிரப்பப் போகிறார்களாம். அதற்குள் கொஞ்சம் எடுத்துத் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் மூலையில் வளர்க்க விரும்புகிறோம். பையில் விற்கும் கறுப்பு மண்ணும் குழாய்த் தண்ணீரும் போதுமா? பிள்ளைகள் கையால் பூச்சி கொடுக்கலாமா?

சதுப்புக்காரன்

டீச்சர், அது பூச்சியைப் பிசினில் பிடித்து உண்ணும் அழுகண்ணி, அறிவியல் பெயர் ட்ரோசெரா பர்மானி. தரையில் படிந்த அடுக்கு, ஆப்பு வடிவ இலை, ஓரத்தில் மட்டும் மற்றதை விட நீளமான மயிர்கள், வெள்ளைப் பூ எல்லாம் பொருந்துகிறது. இதன் உறவான ட்ரோசெரா இண்டிகா என்றால் நிமிர்ந்த தண்டும் நூல் போன்ற நீள இலையும் இருக்கும், பூ பெரும்பாலும் இளஞ்சிவப்பு. ஓரத்து நீள மயிர்களைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். பல அழுகண்ணி இனங்களில் மயிர் வளைய நிமிடக் கணக்காகும். இதில் பூச்சி பட்ட சில நொடிகளிலேயே உள்பக்கம் மடங்கிவிடும், கண்ணால் பார்க்கலாம்.

மஞ்சள் பூ பெரும்பாலும் யூட்ரிகுலாரியா பைஃபிடா, இதுவும் இரை பிடிக்கும் செடிதான். இலைகள் புல் கீற்று மாதிரி மிகச் சிறியவை, மண்ணோடு மண்ணாகக் கிடப்பதால் கண்ணில் படாது. மண்ணுக்கடியில் கடுகை விடச் சிறிய பைகள் இருக்கும். நுண்ணுயிர் ஏதாவது தொட்டால் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் உள்ளே உறிஞ்சிவிடும். அழுகண்ணியை மண்ணோடு எடுத்தால் இதுவும் கூடவே வந்து சேரும். வரட்டும், இரண்டும் ஒரே தொட்டியில் நன்றாக வாழும்.

இந்த இடம் ஏன் இவற்றுக்குப் பிடித்தது என்பதுதான் முக்கியம். ஈயம் அலசிக் கழித்த மணலில் சத்து கிடையாது, புல் கூடச் சரியாக வளராது. அழுகண்ணிக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் பூச்சியிலிருந்து கிடைப்பதால் அதற்கு மண் கை கொடுக்க வேண்டியதில்லை. சத்துள்ள மண்ணில் வைத்தால் வேர் கருகும். அது தப்பினாலும் பாசியும் புல்லும் ஏறி நிழல் கட்டி அழித்துவிடும். ஆகவே கறுப்பு மண், கம்போஸ்ட், ஆட்டுப் புழுக்கை, பச்சை நீல உருண்டை உரம் எதுவுமே கூடாது.

கிந்தா மணல்

மண் கலவைக்கு நான் சொல்றேன். உரம் கலக்காத பீட் மாஸ் (சதுப்புல மக்கின பாசி) 1 பங்கு, கழுவின சிலிக்கா மணல் 1 பங்கு. பை மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாத்து வாங்குங்க, நர்சரியில விக்கிற பல பீட் மாஸ்ல உரம் கலந்துதான் வருது. காஞ்ச பீட் தண்ணியை இழுக்காம மிதக்கும். முதல் நாளே ஊறவெச்சுப் பிசையணும். கொக்கோ பீட் (தேங்காய் நார்த் தூள்) மலிவுதான், ஆனா அதுல உப்பு நிறைய. மூணு நாலு தடவை ஊறவெச்சு அலசி, வடியிற தண்ணியோட டிடிஎஸ் (கரைஞ்ச உப்போட அளவு, பிபிஎம் கணக்குல) 50க்குக் கீழ வந்தா மட்டும் பயன்படுத்தலாம். பீட் கிடைச்சா அதுவே மேல்.

மணல்லதான் நம்ம ஊர்ல வம்பு. கிந்தா பள்ளத்தாக்கு முழுக்கச் சுண்ணாம்புக்கல் மலை. கட்டட மணல்ல சுண்ணாம்புத் துகள் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கை மணலைக் கிண்ணத்துல போட்டு வினிகர் ஊத்துங்க. நுரை கிளம்பினா வேண்டாம். சுண்ணாம்பு மெதுவாக் கரைஞ்சு புளிப்புத்தன்மையைக் கொன்னுடும், செடி சில வாரம் நல்லா இருக்கிற மாதிரி இருந்து பிறகு நடுக்குருத்து சுருங்கிப் போகும். கடல் மணல் பக்கமே போகாதீங்க. மண் தொட்டி, சிமெண்டுத் தொட்டியும் வேண்டாம், பிளாஸ்டிக்தான்.

தண்ணி மழைத் தண்ணிதான். தகரக் கூரைன்னா முதல் பத்து நிமிஷ மழையை ஓட விட்டுட்டுப் பிடிங்க. பழைய லயத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணி வேண்டாம், அதுல சிமெண்டுச் சுண்ணாம்பு இறங்கும். மழை இல்லாத நாள்ல ஆர்ஓ தண்ணி, அதாவது சவ்வு வழியா உப்பை நீக்கின தண்ணி. காசு போட்டுப் பிடிக்கிற எந்திரத்துல சிலது வெறும் வடிகட்டிதான், டிடிஎஸ் மீட்டர் வெச்சுப் பாருங்க. 50க்குக் கீழ நல்லது, 100 தாண்டினா ஊத்தாதீங்க. கிணத்துத் தண்ணி, போர் தண்ணி இந்த வட்டாரத்துல கண்டிப்பா ஆகாது. குழாய்த் தண்ணியை ஒரு ராத்திரி திறந்து வெச்சா குளோரின் வாடை குறையலாம், உப்பு எங்கேயும் போகாது. ஆவியாக ஆவியாகத் தொட்டியில ஏறிக்கிட்டேதான் இருக்கும்.

அறிவியல் மூலை (சுங்கை சிப்புட்)

மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்று படித்தேன். பள்ளியில் தேங்கின தண்ணீர் என்றாலே டெங்கி சோதனைக்கு வருபவர்கள் விடமாட்டார்கள். பள்ளி விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பது அடுத்தது.

ஈரக்கால்

டீச்சர், தட்டு முறையே வேண்டாம். பக்கவாட்டில் துளை போட்ட பேசின் வையுங்கள், திறந்த தண்ணீரே இருக்காது.

40 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள பிளாஸ்டிக் பேசின். அடியில் துளை கூடாது. விளிம்பிலிருந்து 7 சென்டிமீட்டர் கீழே, சுற்றிலும் நாலு இடத்தில் 6 மில்லிமீட்டர் துளை. உட்பக்கம் நைலான் வலைத்துண்டு வைத்து அடையுங்கள், இல்லாவிட்டால் கனமழையில் மணல் வழிந்து ஓடிவிடும். கீழே 8 சென்டிமீட்டர் வெறும் மணல், அதன் மேல் 10 சென்டிமீட்டர் கலவை. விளிம்புக்கு 2 சென்டிமீட்டர் குறைவாக நிறுத்துங்கள். இப்போது தண்ணீர் மட்டம் மண் மேற்பரப்புக்கு 5 சென்டிமீட்டர் கீழே நிற்கும். மண் ஈரமாக இருக்கும், கொசு முட்டையிட இடம் இருக்காது. பேசினைச் செங்கல் மேல் வைத்து, துளையிலிருந்து வழிவது எங்கும் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழை கனத்துப் பெய்தபின் மண் மேல் குளம் கட்டினால் துளை அடைத்திருக்கிறது என்று பொருள், குச்சியால் குத்திவிடுங்கள்.

நிறைந்த பேசின் வெயில் காலத்தில் ஒரு வாரம் தாங்கும். அதற்கு மேல் ஜாகாவிடம் (பள்ளிக் காவலாளி) சொல்லி வைக்க வேண்டும். எதை ஊற்ற வேண்டும் என்று வாளியிலேயே எழுதி வையுங்கள். சொல்லாமல் விட்டால் பக்கத்துக் குழாயைத்தான் திறந்துவிடுவார், அது இயல்புதானே.

தட்டுதான் வசதி என்றால் தட்டில் பருமணலை நிரப்பி, தண்ணீர் மணலுக்கு மேல் தெரியாதபடி ஊற்றுங்கள். வெறும் தட்டில் வைத்தால் வாரம் இருமுறை கொட்டி, ஓரங்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தட்டின் சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

வெயில் தினமும் ஐந்து ஆறு மணி நேரம் நேரடியாக வேண்டும். வகுப்பறை ஜன்னல் போதாது. செடி பச்சையாகி, இலைக்காம்பு நீண்டு, பிசின் குறைந்தால் வெளிச்சம் போதவில்லை. சிவப்பும் நிறைய பிசினும்தான் நல்ல அறிகுறி.

சதுப்புக்காரன்

எடுப்பதைப் பற்றி: தோட்ட அலுவலகத்தில் முதலில் அனுமதி கேளுங்கள். நிலம் நிரப்பப்படுவது உறுதி என்றால் மட்டும் செடி எடுங்கள், இல்லையென்றால் விதை போதும். மாலையில், செடியைச் சுற்றி 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் கட்டியோடு கரண்டியால் தூக்க வேண்டும். இலையைத் தொடக்கூடாது. வேர் மெலிது, மண் உதிர்ந்தால் பிழைப்பது கஷ்டம். நட்டபின் ஓரிரு வாரம் பிசின் இருக்காது, பயப்பட வேண்டாம். அதுவரை லேசான நிழல், பிறகு படிப்படியாக வெயில். கண்ணாடி மூடி போட்டு வெயிலில் வைக்காதீர்கள், உள்ளே வெந்துவிடும்.

எப்படியும் விதையைத்தான் நம்ப வேண்டும், ஏனென்றால் இந்தச் செடி பூத்துக் காய்த்ததும் பெரும்பாலும் செத்துவிடும். பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள். பூ காலை வெயிலில் சில மணி நேரமே விரியும், தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். காய் பழுப்பாகி நுனி திறந்ததும் தண்டை வெள்ளைத் தாள் மேல் சாய்த்துத் தட்டினால் கறுப்புத் தூளாக விதை கொட்டும். ஈரக் கலவை மேல் தூவிவிட்டு அப்படியே விடுங்கள். மண் போட்டு மூடினால் முளைக்காது, அதற்கு வெளிச்சம் வேண்டும். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளை தெரியும், குண்டூசித் தலையளவுதான். முதல் மாதம் கனமழையிலிருந்து காப்பாற்றுங்கள். பாதி விதையைத் தாளில் மடித்து, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அடுத்த சுற்றுக்கு ஆகும்.

பூச்சி கொடுப்பது: வெளியில் இருந்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும். காட்டுவதற்காக என்றால் ஓர் இலைக்கு ஒரு பழ ஈ போதும். இறைச்சித் துண்டு, சோறு போட்டால் பூசணம் பூத்து இலையே அழுகும்.

கிந்தா மணல்

ஒண்ணு விட்டுப் போச்சு. அழுகண்ணின்னு பேரு கேட்டதும் பெத்தவங்க சிலர் சித்த மருந்துன்னு பறிக்க வருவாங்க. இந்தக் குடும்பத்துச் செடியில பிளம்பேகின் மாதிரிப் பொருள் உண்டு, கொடிவேலி வேர்ல இருக்கிறதுதான், தோலைப் புண்ணாக்கும். பழைய ஈயக்குட்டை மண்ணுல ஆர்செனிக் இருக்கவும் வாய்ப்புண்டு. வாயில வைக்கக் கூடாதுன்னு பேசின் பக்கத்துல ஒரு அட்டை மாட்டிடுங்க. மண்ணைத் தொட்டா பிள்ளைங்க சவக்காரம் போட்டுக் கை கழுவணும்.