புகைக்காத பெண்களே அதிகம் இறந்ததாகக் காட்டும் அட்டவணை: எங்கே தவறுகிறேன்?

கேள்வி – பொதுச் சுகாதார மாணவி

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசில் நகருக்கு அருகிலுள்ள விக்கம் பகுதியில், 1972–74இல் வாக்காளர் பட்டியலிலிருந்து ஆறில் ஒருவர் என்ற கணக்கில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து ஒரு சுகாதாரக் கணக்கெடுப்பை நடத்தினார்கள். தைராய்டு நோயும் இதய நோயும்தான் அதன் முதன்மைப் பொருள் என்றாலும், ஒவ்வொருவரின் புகைப்பழக்கமும் அதில் பதிவாகியிருக்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து, அவர்களில் யார் உயிருடன் இருக்கிறார்கள் என்று மீண்டும் விசாரித்தார்கள்.

அதிலிருந்து 1,314 பெண்களின் தரவு எனக்குப் பயிற்சிக்காகத் தரப்பட்டுள்ளது. புகைத்தவர்கள் 582 பேரில் 139 பேர், அதாவது 24 விழுக்காட்டினர் இறந்திருக்கிறார்கள். புகைக்காத 732 பேரில் 230 பேர், அதாவது 31 விழுக்காட்டினர் இறந்திருக்கிறார்கள். இந்த வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனையின் மதிப்பு 9.1. பி-மதிப்பு, அதாவது உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய வேறுபாடு தோன்றுவதற்கான நிகழ்தகவு, 0.01க்கும் கீழே. தற்செயல் என்று ஒதுக்கவும் முடியவில்லை.

என் தாத்தா பல்லாண்டுகள் பீடி பிடித்து, இறுதிக் காலம் முழுவதும் மூச்சுக்குத் திணறியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். புகை உயிரைக் காக்கிறது என்று பொருள்படும் ஒரு முடிவை அறிக்கையில் எழுத என் கை வரவில்லை. ஆனாலும் பிடிக்காத முடிவு என்பதற்காக அதை விலக்குவது முறையல்ல என்பதும் தெரியும். பகுப்பாய்வில் நான் எதைப் பார்க்கத் தவறினேன்?

பதில் 1 – உயிர்ப்புள்ளியியல் ஆசிரியர்

வணக்கம் அம்மா. நீங்கள் கூட்டியதிலும் வகுத்ததிலும் பிழை இல்லை. ஒப்பிடக் கூடாத இரண்டு கூட்டங்களை ஒப்பிட்டதுதான் பிழை. இந்தத் தரவு, 1996இல் வெளியான ஒரு கட்டுரைக்குப் பிறகு, சிம்சன் முரண்பாட்டுக்கு (மொத்தத்தில் தெரியும் திசை, பிரிவுகளாகப் பிரித்ததும் தலைகீழாவது) வகுப்புகளில் காட்டும் நிலையான எடுத்துக்காட்டாகிவிட்டது.

உங்கள் அட்டவணையில் ஏழு வயதுப் பிரிவுகள் இருக்கும். முதலில், 65 வயதைக் கடந்தவர்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். புகைக்காதவர்களில் 193 பேர், கால்பங்குக்கும் மேல், அந்த வயதினர். புகைத்தவர்களிலோ 49 பேர்தான். அந்த வயதில் ஒருவரைச் சந்தித்துவிட்டு இருபது ஆண்டுகள் கழித்துப் போனால், புகைத்தாலும் புகைக்காவிட்டாலும் அவர் பெரும்பாலும் இருக்கமாட்டார். புகைக்காதவர்களின் 230 இறப்புகளில் 165 இறப்புகள் இந்த முதியவர்களிடையே நேர்ந்தவை. ஆகவே உங்கள் 31 விழுக்காடு, புகைக்காமையின் விளைவைவிட முதுமையின் விளைவையே அதிகம் சொல்கிறது.

அவர்களை ஒதுக்கிவிட்டு 65க்குக் கீழே உள்ளவர்களை மட்டும் எடுத்தாலே திசை மாறிவிடும்: புகைத்த 533 பேரில் 97 இறப்புகள், 18 விழுக்காடு, புகைக்காத 539 பேரில் 65 இறப்புகள், 12 விழுக்காடு. ஆனால் முதியவர்களை நீக்குவது சரியான தீர்வு அல்ல. திசை எதனால் மாறுகிறது என்று காட்டுவதற்காகவே இதைச் சொன்னேன். இரு தரப்புக்கும் 1,314 பேரின் ஒரே வயதுப் பரவலைக் கொடுத்துத் தரப்படுத்திப் பாருங்கள். என் கணக்கில் புகைத்தவர்களுக்கு 30.3, புகைக்காதவர்களுக்கு 25.9 விழுக்காடு வருகிறது. ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியே ஒப்பிட்டுப் பின் சேர்க்கும் மான்டெல்–ஹேன்செல் முறையில் வயதுப் பிரிவுகளை இணைத்தால், 0.68 ஆக இருந்த ஆட்ஸ் விகிதம் (இறந்தோருக்கும் பிழைத்தோருக்கும் உள்ள விகிதத்தை இரு தரப்பிலும் ஒப்பிடும் எண்; 1க்கு மேல் என்றால் புகைத்தவர்களுக்குப் பாதகம்) 1.53 ஆகிறது, 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை, 1.08 முதல் 2.16 வரை.

பதில் 2 – கள ஆய்வாளர்

ஆசிரியர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முதிய பெண்களிடையே புகைத்தவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டால், வயது வெறும் கணக்குத் திருத்தமாக நின்றுவிடும். 1972இல் 65 வயதைக் கடந்த பெண் 1907ஆம் ஆண்டுக்கு முன்போ அந்த ஆண்டை ஒட்டியோ பிறந்தவள். அவள் இளம்பெண்ணாக இருந்த காலத்தில் பிரிட்டனில் பெண்கள் புகைப்பது வழக்கமில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பின்னரும்தான் அது பெண்களிடையே பெரிதாகப் பரவியது. 45–54 வயதுப் பிரிவில் 208 பேரில் 130 பேர் புகைத்திருப்பதையும், 75ஐக் கடந்த 77 பேரில் 13 பேர் மட்டுமே புகைத்திருப்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அந்த வரலாறு தெரியும். புகைத்தவர்களில் ஒரு பகுதியினர் கணக்கெடுப்பு நடக்கும் முன்பே இறந்திருப்பார்கள் என்பதும் இதில் சேரும். உயிருடன் இருப்பவர்களின் வாசலில்தான் கணக்கெடுப்பாளர் போய் நிற்கிறார்.

முன்பு புகைத்துப் பின்னர் நிறுத்தியவர்கள் இந்த ஒப்பீட்டில் இல்லை என்பதையும் அறிக்கையில் குறிப்பிடுங்கள். நோய் வந்ததால் புகையை விட்டவர்களை, ‘இப்போது புகைக்காதவர்’ என்று புகைக்காதவர்களோடு சேர்த்துவிடும் கணக்கெடுப்புகளில் இதே குழப்பம் வேறு வழியாக வரும். என் கள அனுபவத்தில் மிகுந்த சேதம் விளைவிக்கும் பிழை அதுதான். ‘புகைக்கிறீர்களா’ என்று ஒரு கேள்வியோடு நிறுத்தாமல், ‘எப்போதாவது புகைத்ததுண்டா, எப்போது நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள்’ என்றும் கேட்டாக வேண்டும்.

கேள்வியாளரின் மறுமொழி

இருவருக்கும் மிக்க நன்றி. தரப்படுத்திப் பார்த்தேன், அதே எண்கள் வந்தன. இப்போது இரண்டு ஐயங்கள். வயதுப் பிரிவுகளை வைத்து லாஜிஸ்டிக் ரெக்ரஷன் (இறப்பின் வாய்ப்பைப் பல காரணிகளைக் கொண்டு கணிக்கும் கணித மாதிரி) செய்தால், 75ஐக் கடந்தவர்களுக்கான கெழுவும் (அந்த வயதின் விளைவைக் குறிக்கும் எண்) அதன் திட்டப்பிழையும் (அந்த எண்ணின் நிச்சயமின்மை) நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக வருகின்றன. மேலும் 25–34 வயதில் மட்டும் புகைத்தவர்கள் 124 பேரில் 3 பேரும், புகைக்காதவர்கள் 157 பேரில் 5 பேரும் இறந்திருக்கிறார்கள். இங்கே திசை இன்னும் தலைகீழாகவே இருக்கிறது.

பதில் 3 – உயிர்ப்புள்ளியியல் ஆசிரியர்

75ஐக் கடந்த 77 பேரும் இறந்துவிட்டார்கள், ஒருவரும் மிஞ்சவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் விழுந்த பிரிவுக்கு மாதிரியின் கெழு முடிவிலியை நோக்கி ஓடும். மென்பொருள் நடுவில் நிறுத்திய இடத்தைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். புகைப்பழக்கத்துக்கான கெழுவை இது பாதிக்காது, ஏனெனில் அந்தப் பிரிவில் ஒப்பிட எதுவுமே இல்லை. மான்டெல்–ஹேன்செல் கணக்கிலும் அதன் பங்கு சுழியம்தான். அந்தப் பிரிவு தகவல் தரவில்லை என்று எழுதிவிட்டு, மற்ற ஆறு பிரிவுகளை வைத்து மாதிரியை ஓட்டுங்கள்.

25–34இல் மொத்த இறப்புகள் எட்டு. அவற்றில் ஓர் இறப்பு இடம் மாறினாலே திசை மாறிவிடும் என்பதால், அதற்குத் தனியாக விளக்கம் தேட வேண்டாம். உங்கள் கவனம் 45–54, 55–64 பிரிவுகளில் இருக்கட்டும்: முன்னதில் புகைத்தவர்களின் 20.8க்கு எதிராகப் புகைக்காதவர்களின் 15.4, பின்னதில் 44.3க்கு எதிராக 33.1 விழுக்காடு இறந்திருக்கிறார்கள். புகையின் பாதிப்பு தெளிவாகத் தெரியும் வயது அது.

வயதைச் சேர்த்ததும் தெளிவு பிறந்தது என்பதற்காக, கிடைக்கும் மாறிகளையெல்லாம் மாதிரிக்குள் சேர்த்துவிடாதீர்கள். நாட்பட்ட இருமல் புகையால் விளைந்து, பிறகு இறப்புக்கு இட்டுச் செல்கிறது. அதற்குத் திருத்தம் செய்தால், நாம் அளக்க வந்த தீங்கையே கழித்துவிடுகிறோம். வயது அப்படியல்ல, புகை யாருக்கும் வயதைக் கூட்டுவதில்லை.

பின்னர் இந்தியத் தரவுக்கு வருவீர்களானால், வயதோடு பாலினத்தையும் முதலிலேயே பிரித்துவிடுங்கள். 2016–17ஆம் ஆண்டின் உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்திய ஆண்களில் 19 விழுக்காட்டினரும் பெண்களில் 2 விழுக்காட்டினரும் புகைக்கிறார்கள். பாலினத்தைப் பிரிக்காமல் செய்யும் ஒப்பீடு, ஏறக்குறைய ஆண்களையும் பெண்களையும் ஒப்பிடுவதாகவே முடியும்.