உணவுக்குழாய் இணைப்பில் கசிவு: மறு அறுவை இன்றி எண்டோஸ்கோப்பி வழியே சரிசெய்ய முடியுமா?

கேள்வி:
புற்றுநோய்க்காக என் தந்தையின் உணவுக்குழாயில் ஒரு பகுதியை அகற்றி, இரைப்பையை மேலே இழுத்து இணைத்தார்கள். அந்த இணைப்பில் கசிவு இருப்பது சி.டி. ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. மார்பை மறுபடியும் திறக்காமல், எண்டோஸ்கோப்பி (வாய் வழியே செலுத்தும் கேமராக் குழாய்) வழியாகப் பஞ்சு வைத்துச் சீழை உறிஞ்சலாம் என்கிறார்கள். ஓட்டையைக் கிளிப் போட்டு உடனே மூடாமல் பஞ்சு எதற்கு? இது அறுவையைத் தள்ளிப்போடும் வேலைதானா?

பதில் 1 (இரைப்பைக் குடல் மருத்துவர்):
இல்லை ஐயா, பஞ்சே ஒரு முழுமையான சிகிச்சைதான். கொலனோஸ்கோப்பியின்போது (பெருங்குடலைக் கேமராக் குழாயால் பார்க்கும் பரிசோதனை) குடலில் துளை விழுந்து அப்போதே கண்ணில் பட்டால், விளிம்பு நலமாக இருப்பதால் கிளிப் போட்டு அங்கேயே மூடிவிடலாம். சில நாட்கள் கடந்த கசிவில் திசு வீங்கி நைந்திருக்கும் என்பதால் கிளிப் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும், ஓட்டைக்கு வெளியே தேங்கிய சீழை உடலுக்குள்ளேயே வைத்துப் பூட்டியதாகிவிடும், அதுதான் உண்மையான ஆபத்து. பாலியூரித்தேன் பஞ்சைச் சீழ்க்குழிக்குள் வைத்து, மூக்கு வழியே வரும் குழாயை உறிஞ்சு கருவியுடன் இணைத்து, பெரும்பாலும் 125 மி.மீ. பாதரச அளவில் எதிர்மறை அழுத்தம் கொடுப்பார்கள். 3 முதல் 5 நாட்களுக்கு ஒருமுறை பஞ்சை மாற்றும்போது, குழி சுருங்கிச் சிவந்த புதுத் திசு வளர்ந்து வருவதை நேரிலேயே பார்க்கலாம்.

பதில் 2:
என் அம்மாவுக்கு முதலில் ஓட்டையை உள்ளிருந்து மறைக்க உறையிட்ட உலோக ஸ்டென்ட் (வலைக்குழாய்) வைத்தார்கள். அது நழுவி இரைப்பைக்குள் இறங்கிவிட்டதால் பஞ்சுக்கு மாறினோம். மூக்குக் குழாயால் தொண்டை வலியும், வாய் வழியே எதுவும் கொடுக்க முடியாத ஏக்கமும் அவரை மிகவும் வாட்டின. சிறுகுடலுக்கு நேராக உணவு செலுத்த வைக்கும் குழாய் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உடலில் சத்து இல்லாமல் எந்தப் புண்ணும் ஆறாது.

பதில் 3 (அறுவை மருத்துவர்):
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் மேலே இழுத்த இரைப்பை இரத்த ஓட்டமின்றி அழுகியிருந்தாலோ, ஆன்டிபயாடிக் கொடுத்துச் சீழை வடித்த பிறகும் நோய்த்தொற்று அடங்காமல் இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தாலோ, அறுவையைத் தாமதிக்கக் கூடாது. பஞ்சை உரிய நாளில் மாற்றுவதும் முக்கியம். தாமதித்தால் திசு அதற்குள் வளர்ந்து ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது இரத்தம் கசியும். எடை குறைப்பு அறுவைக்குப் பின் வரும் கசிவு என்றால், இரு முனையும் சுருண்ட சிறு பிளாஸ்டிக் குழாயை வைத்துச் சீழை உட்புறமாகவே வடிக்கும் முறையும் உண்டு.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இரைப்பையின் இரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று எண்டோஸ்கோப்பியில் பார்த்தார்களா என்பதையும், உணவு செலுத்தும் குழாய் பற்றியும் நாளை காலை ரவுண்ட்ஸில் கேட்கிறேன்.